விழிமேல் படரும் சதை: புலப்படுவதும் புலப்படாததும்

கோவளத்திலுள்ள தமீமுல் அன்சாரி தர்காவுக்கு ஸியாரத் சென்று, அங்கிருந்து தெற்கே மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கரையோரமாகப் பயணம் செய்தவர்கள், வலை உலர்த்தும் மீனவர்களிடம் நின்று பேசியிருந்தால் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். நடுவயது கடந்த சிலரின் கண்ணில், மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதைப்படலம் முக்கோண வடிவில் ஊர்ந்து வந்திருக்கும். 'கண்ணுல சதை வளர்ந்திருக்கு' என்று அவர்களே சொல்வார்கள். அதற்குமேல் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள். பெரும்பாலும் கவலைப்படத் தேவையும் இல்லை. ஆனால் அதே இடத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்தில், புற்றுநோயும் முளைக்கிறது. அவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தக் குழப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்-கஹ்ஹால் இயற்றிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூல் பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்களின் கையேடாகத் திகழ்ந்தது. 1936இல் கேஸி வுட் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் இதனை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூன்று பகுதிகளாக அமைந்த அந்நூலின் முதற்பகுதி கண்ணின் உடற்கூற்றைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி புலனுக்குத் தென்படும் நோய்களையும், மூன்றாம் பகுதி புலனுக்கு எட்டாத நோய்களையும் பேசுகின்றன. விழிமேல் படரும் சதையை அக்கால அறிஞர்கள் 'ளஃபரா' என்றனர். நகம் என்று பொருள்படும் 'ளுஃப்ர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. உருதுவில் வழங்கும் 'நாகூனா'வும் இதே உவமைதான். கிரேக்கர்கள் அதனைச் சிறு சிறகாகக் கண்டு டெரிஜியம் என்றனர். அப்பெயரே இன்றைய மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. நகம், சிறகு, சதை என மூன்று மொழியினரும் கண்ட வடிவம் ஒன்றுதான்.

கருவிழியில் தோன்றும் நோய்களை அரபு மருத்துவர்கள் வரிசைப்படுத்தியபோது அவற்றுள் 'ஸரதான்' என்பதையும் தனியே எண்ணினர். ஸரதான் என்றால் நண்டு. நாம் 'புற்று' என்பதை அவர்கள் நண்டு என்றனர். அந்தலுஸின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில், ளஃபராவைக் கொக்கியால் தூக்கி, குதிரை முடியும் நூலும் கோத்த ஊசியை அதனடியில் செலுத்தி அறுத்தெடுக்கும் முறையை விவரிக்கிறார். மூக்கோரத்தில் இயற்கையாக உள்ள சிறு சதைமேட்டையும் சேர்த்து வெட்டிவிட்டால் ஓயாமல் கண்ணீர் வடியும் என்று எச்சரிக்கவும் தவறவில்லை. புற்றைப் பற்றி அவர் சொல்வது வேறு: சிறிதாக, முழுமையாக வெட்டியெடுக்கத்தக்க இடத்தில் இருந்தால் வெட்டலாம், நாட்பட்டுப் பெருகிவிட்டால் அணுகக்கூடாது, அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதே இல்லை என்கிறார். இரண்டும் வெவ்வேறு என்று அவர்கள் அறிந்திருந்தனர். சிறிதாக இருக்கும்போது இது எது என்று சொல்வதற்குரிய கருவிதான் அவர்களிடம் இல்லை. அலீ இப்னு ஈஸாவின் பாகுபாட்டைக் கடன் வாங்கினால், விழிமேல் வளரும் கட்டி இரண்டாம் பகுதியிலும் சேரும், மூன்றாம் பகுதியிலும் சேரும்: கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, அதன் இயல்பு தெரிவதில்லை.

விழியின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு இணைப்படலம் என்று பெயர். அது கருவிழியின் விளிம்போடு சேரும் வட்டத்தில்தான் மேற்றோல் உயிரணுக்களை ஓயாமல் புதுப்பிக்கும் மூல அணுக்கள் உறைகின்றன. அணுக்கள் எங்கே விரைந்து பிரிகின்றனவோ அங்கே பிழை நேர்வதும் எளிது. மேற்றோலின் அடியடுக்கில் தொடங்கி முழுத் தடிப்பையும் ஆக்கிரமித்து, பின்னர் அடித்தளச் சவ்வைத் துளைத்து உள்ளிறங்கும் இந்நோய்த் தொடரை முன்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பெயரால் அழைத்தனர். 1995இல் லீ, ஹர்ஸ்ட் என்னும் இருவர் அவையனைத்தையும் 'கண் மேற்பரப்புச் செதிளணுப் புத்துவளர்ச்சி' என்று பொருள்படும் ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தனர்.

சூரியனின் புறஊதாக் கதிரே இதன் முதன்மைக் காரணம். நிலநடுக்கோட்டை ஒட்டிய உகாண்டாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 12க்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் செதிளணுப் புற்று காணப்பட்டது என்றும், பிரிட்டனில் அது 0.2க்கும் குறைவு என்றும், அட்சரேகை 10 பாகை விலகும்போதெல்லாம் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றும் 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாமல்லபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 12.6 பாகை வடக்கே உள்ளது. அரிதான நோய்தான்; ஆனால் அரிதாகிவிடும் அளவுக்கு நாம் விலகி இல்லை. உலர்ந்த கடற்கரை மணல் தன்மீது விழும் புறஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே கட்டுமரத்திலோ விசைப்படகிலோ இருப்பவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாலும் கீழிருந்து வரும் வெயில் அவர் கண்ணை விடுவதில்லை.

ளுஹர் நேரத்து உச்சி வெயில்தான் கண்ணுக்கு மிகக் கொடியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை சற்று வேறு. சூரியன் தலைக்கு நேரே நிற்கையில் புருவமேடு கண்ணுக்குக் குடை பிடிக்கிறது. முற்பகலிலும் அஸருக்கு முந்தைய பொழுதிலும் சாய்ந்து வரும் கதிரே கண்ணுக்குள் அதிகம் நுழைகிறது என்பதைப் பொம்மைத் தலையில் உணர்கருவி பொருத்தி ஜப்பானியர் அளந்து காட்டினர். பொட்டுப் பக்கமாக வரும் ஒளியைக் கருவிழியே ஒரு வில்லைபோல் வளைத்து, மூக்கை ஒட்டிய விளிம்பில் ஏறத்தாழ 20 மடங்கு செறிவாகக் குவிக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் மினாஸ் கொரோனியோ விளக்கினார். சதை ஏன் மூக்குப் பக்கமே அதிகம் வளர்கிறது என்ற பழங்கேள்விக்கு இன்றுவரை கிடைத்த நல்ல விடை இதுவே. மாமல்லபுரத்துக் கற்சிற்பிகளுக்கு வெயிலோடு கற்றூளும் சேர்ந்துகொள்கிறது. உளி தெறிக்கும் சில்லுக்காகவாவது அவர்கள் கண்ணாடி அணிய வேண்டும். பக்கவாட்டையும் மூடும் கண்ணாடியாக இருந்தால் கதிருக்கும் தடுப்பாகும். கல்பாக்கம் அணுமின் நிலையம் அருகில் இருப்பதால் 'கதிர்' என்றதும் இப்பகுதியினர் வேறொன்றை நினைக்கலாம். இங்கே பேசப்படுவது வானத்துச் சூரியனின் கதிர்.

இனி, ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கரையோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஐம்பது வயதுடைய ஒருவர், கண்ணில் சதை என்று செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார். 1965இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிதான் இவ்வட்டாரக் கிராமங்களுக்குப் பெரிய மருத்துவமனை. மருத்துவர் முதலில் கேட்பது காலத்தை. எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது? அண்மையில் விரைந்து வளர்ந்ததா? முன்பே ஒருமுறை வெட்டி, மீண்டும் வந்ததா? ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த சதை சில மாதங்களில் பருத்தால் அது ஐயத்துக்குரியது. கண் சிவப்பு ஒரு கண்ணில் மட்டும், மாதக்கணக்கில், எந்தச் சொட்டு மருந்துக்கும் அடங்காமல் இருப்பதும் அத்தகையதே. கட்டி என்று எதுவும் திரளாமல், படலம் முழுவதும் மெல்லப் பரவும் ஒரு வகை உண்டு. அதனை 'மெட்ராஸ் ஐ' போன்ற கண்நோயாகக் கருதி மாதக்கணக்கில் சொட்டு மருந்து எழுதித் தருவது எங்கும் நிகழக்கூடிய பிழை.

அடுத்து, பிளவு விளக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வர் குல்ஸ்ட்ராண்டு 1911இல் அறிமுகப்படுத்திய இக்கருவி, மெல்லிய ஒளித்தகட்டைக் கண்ணுக்குள் செலுத்தி உருப்பெருக்கிக் காட்டுகிறது. சாதாரணச் சதைப்படலம் சிறகுபோல் விரிந்து, தட்டையாக, இரத்தக் குழாய்கள் நேராக ஓட அமைந்திருக்கும். புற்றோ சுற்றுப்புறத்தைவிட மேடாகத் திரண்டு நிற்கும். சில சமயம் ஜெல்லிபோல் பளபளக்கும். சில சமயம் காலிஃபிளவர் போன்ற முகடுகளோடு இருக்கும். சில சமயம் மேலே வெண்தகடு படிந்திருக்கும். அதற்கு உணவூட்டும் பருத்த இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு வந்து சேர்வதையும் காணலாம். கருவிழிமேல் அது பரவினால் உறைபனி படிந்த கண்ணாடிபோல் சாம்பல் மங்கலும், ஓரத்தில் கிழிந்த துணிபோன்ற விளிம்பும் தெரியும். இமையைப் புரட்டிப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனையே. காதின் முன்புறத்திலும் தாடைக்குக் கீழும் நிணநீர்க் கணுக்களை விரலால் தடவிப் பார்ப்பதும் கண் மருத்துவரின் கடமைதான். கட்டி அடியிலுள்ள வெண்விழியோடு ஒட்டி அசையாதிருந்தால், அது உள்ளிறங்கியிருக்கலாம் என்று கொள்ள வேண்டும்.

வெண்தகடு என்றதும் ஓர் எச்சரிக்கை. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கண்ணில், பெரும்பாலும் பொட்டுப் பக்கத்தில், நுரைபோன்ற முக்கோணப் புள்ளி தோன்றும். 1863இல் அதனை விவரித்த பிட்டோ என்பவரின் பெயரால் அது பிட்டோ புள்ளி எனப்படுகிறது. அதற்கு மருந்து வைட்டமின், கத்தி அன்று.

சாயங்களும் துணை செய்கின்றன. ரோஸ் பெங்கால், லிஸ்ஸமின் பச்சை, டொலூடின் நீலம் ஆகியவற்றுள் ஒன்றைச் சொட்டாக விட்டால் மாறுபட்ட மேற்றோல் நிறமேற்று நிற்கும். விலை மிகக் குறைவு. ஒரு நிமிடத்தில் முடியும். எனினும் இதன் எல்லையை உணர வேண்டும். கென்யாவில் டொலூடின் நீலத்தைக் கொண்டு நடந்த ஆய்வில், புற்றுள்ள 100 பேரில் 92 பேரைச் சாயம் காட்டிக்கொடுத்தது. புற்றில்லாத 100 பேரில் 31 பேரை மட்டுமே 'இல்லை' என்று விடுவித்தது. எஞ்சியோரின் சாதாரணச் சதையும் நீலமாயிற்று. ஆகவே நிறம் ஏறாவிட்டால் ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். ஏறினால் அதுவே தீர்ப்பாகிவிடாது. சாயத்துக்கு வேறொரு பயன் உண்டு: எல்லையைக் காட்டும். எதுவரை வெட்டுவது என்பதற்கு அது வழிகாட்டி.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படுவது கண்ணின் முன்பகுதியைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. கருவி. கண்ணைத் தொடாமல், ஒளி அலைகளின் பிரதிபலிப்பை அளந்து, திசுவை அடுக்கடுக்காகத் திரையில் காட்டுகிறது. இயல்பான மேற்றோல் சுமார் 50 மைக்ரான் தடிப்புள்ள மெல்லிய கோடாகத் தெரியும். சதைப்படலத்தில் இக்கோடு ஏறக்குறைய மெல்லியதாகவே இருக்க, அதன் அடியிலுள்ள நார்த்திசு தடித்துக் காணப்படும். புற்றில் நேர்மாறு: மேற்றோலே தடித்து, வெண்மையாக ஒளிரும், நல்ல திசுவிலிருந்து கெட்ட திசுவுக்குச் சுவர் எழுப்பியதுபோல் திடீரென்று மாறும். 2012இல் அமெரிக்காவின் மியாமியில் உயர்திறன் கருவியைக் கொண்டு செய்த ஆய்வில், மேற்றோல் தடிப்பு 142 மைக்ரானைக் கடந்ததா என்ற ஒரே அளவுகோல் இரண்டையும் ஏறக்குறையப் பிழையின்றிப் பிரித்தது. சாதாரணக் கருவியில் இத்துணைத் துல்லியம் கிட்டாது. மிகத் தடித்த கட்டியின் அடிப்பாகத்தையும், கருநிறக் கட்டியின் உட்புறத்தையும் ஒளி ஊடுருவ இயலாமையால் படம் நிழலடித்துவிடும்.

1977இல் எக்பர்ட்டும் அவருடைய குழுவினரும் விவரித்த எளிய முறை ஒன்றும் உண்டு. செல்லுலோஸ் வடிதாளின் சிறு துண்டைக் கட்டியின்மேல் சில நொடிகள் அழுத்தி எடுத்தால், மேலடுக்கு அணுக்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். வலியில்லை, இரத்தமில்லை. ஆனால் அது சொல்வது மேலடுக்கின் கதையை மட்டும். நோய் அடித்தளச் சவ்வைத் தாண்டிவிட்டதா என்னும் முதன்மையான கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

இறுதிச் சொல் திசுப் பரிசோதனைக்கே உரியது. கட்டி சிறிதாயின், துண்டு எடுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக முழுவதையுமே சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல திசுவுடன் எடுத்துவிடுவது வழக்கம். கட்டியைக் கருவியால் தொடாமலே எடுக்க வேண்டும் என்பதை அமெரிக்காவின் ஷீல்ட்ஸ் தம்பதியர் வலியுறுத்தினர். தொட்ட கருவி மறு இடத்தில் அணுக்களை விதைத்துவிடலாம். எஞ்சிய விளிம்புகளை உறைகுளிரால் இருமுறை உறையவைத்து உருகவிடுவார்கள். எடுத்த திசுவை அப்படியே ஃபார்மலின் குப்பியில் போட்டால் அது சுருண்டுவிடும். எது மேல், எது விளிம்பு என்று நோய்க்குறியியலாளர் அறிய இயலாது. தாள் ஒன்றில் தட்டையாக விரித்து, மேல் எது, மூக்குப் பக்கம் எது என்று குறித்து, பிறகே குப்பியில் இட வேண்டும். நுண்ணோக்கியின்கீழ், மாறுபட்ட அணுக்கள் அடி மூன்றில் ஒரு பங்கில் நின்றால் இலேசான நிலை. முழுத் தடிப்பையும் நிரப்பி அடித்தளச் சவ்வு உடையாதிருந்தால் இருந்த இடத்துப் புற்று. சவ்வு உடைந்தால் ஊடுருவிய புற்று. விளிம்புகள் தூயனவா என்பதே அந்த அறிக்கையில் நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லும் வரி.

கண் முகாம்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் 'சாதாரணச் சதை' என்று வெட்டப்படுபவை ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் குப்பைக்குப் போவது உண்டு. செலவு, ஆளில்லாமை, 'பார்த்தாலே தெரிகிறதே' என்னும் நம்பிக்கை ஆகியவை காரணங்கள். பார்த்தால் தெரியாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சான்று உண்டு. அங்கு 2009இல் வெளியான ஆய்வில், அகற்றப்பட்ட 533 சதைப்படலங்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்றில் புற்று அல்லது அதன் முன்னிலை மறைந்திருந்தது. அங்குள்ள வெள்ளைத்தோல் மக்களின் விகிதத்தை நம் கரைக்கு அப்படியே பொருத்த முடியாது. வேறு நாடுகளில் இவ்விகிதம் மிகக் குறைவாகவே காணப்பட்டுள்ளது. ஐயத்துக்குரியதை மட்டும் அனுப்பினால் போதும் என்பாரும் உளர். ஆண்டு முழுவதும் வெயிலில் உழைப்போரிடமிருந்து எடுக்கும் ஒவ்வொரு சதையும் குப்பியில் போக வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரு குப்பி ஃபார்மலினின் விலையை இழந்த ஒரு கண்ணோடு ஒப்பிட வேண்டியதில்லை.

எல்லாக் கட்டியும் புற்றன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். குளம், ஏரிகளில் குளிப்போரிடம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய், பெரும்பாலும் மூக்கிலும் சில வேளை இமையின் உட்புறத்திலும் செம்புற்றுப்பழம் போன்ற சதையை வளர்க்கும். உற்றுப் பார்த்தால் அதன்மேல் வெண்ணிறப் புள்ளிகள் தெரியும். அவை நோய்க்கிருமியின் பைகள். 1900இல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் முதலில் விவரித்த இக்கிருமியை நெடுங்காலம் காளான் என்றே நம்பினர். பிறவியிலேயே கருவிழி விளிம்பில் அமையும் வெளிறிய, முடி முளைத்த டெர்மாய்டு கட்டி வேறு. இமைக்கடியில் சால்மன் மீனின் நிறத்தில் மென்மையாகப் படரும் நிணநீர்ப் புற்று வேறு. அதற்கு உடல் முழுதும் பரிசோதனை வேண்டும்.

கருநிறப் புள்ளிகள் பற்றி நம்மவர் அதிகம் அஞ்சுகின்றனர். கருநிறத் தோலினருக்குக் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இரு கண்களிலும் இருப்பது இயல்பே. இளமையில் தோன்றும் மச்சத்தினுள் நுண்ணிய நீர்ப்பைகள் தெரிந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது. நடுவயதுக்குப்பின் ஒரு கண்ணில் மட்டும் புதிதாகத் தோன்றிப் பரவும் நிறத்தைத்தான் மருத்துவர் பார்த்தாக வேண்டும். சுர்மா இடும் வழக்கமுள்ள குடும்பத்தினர் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நன்று. அதன் நுண்துகள்கள் சவ்வில் படிந்து கரும்புள்ளிகளாகத் தங்குவதுண்டு. கடைச் சுர்மா பலவற்றில் ஈயமும் கலந்திருக்கிறது. அதேபோல், கண்ணில் தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட்டுப் பார்த்தபின் வருபவர், அதற்காக நாணாமல் எவ்வளவு காலம் விட்டார் என்று சொல்ல வேண்டும். தாமதத்தின் அளவே மருத்துவருக்குத் தேவை.

இரண்டு இடங்களில் இந்நோய் குடும்பத்துக்குள்ளும் நுழைகிறது. உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து 1995இல் வந்த ஆய்வு, இப்புற்றுக்கும் எச்.ஐ.வி. தொற்றுக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்தியது. எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் இப்புற்று இளவயதிலேயே வருகிறது, விரைந்தும் வளர்கிறது. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அந்நோயாளிகளுக்குப் பெரும் புகலிடமாக விளங்கிய தாம்பரம் காசநோய் மருத்துவமனை, 2019இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ளது. ஆகவே ஐம்பது வயதுக்குட்பட்ட ஒருவரின் கண்ணில் இக்கட்டியைக் கண்டால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்பது மருத்துவ நெறி. அது நோயாளியின் ஒழுக்கத்தின் மீதான ஐயம் ஆகாது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி நோயாளியின் ஒப்புதல் பெற்றே அதனைச் செய்ய வேண்டும்; முடிவையும் மறைவாகக் காக்க வேண்டும்.

மற்றொன்று, குழந்தைகளுக்கு வருவது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் புள்ளியிட்டு உலரும் ஸீரோடெர்மா பிக்மெண்டோசம் என்னும் பிறவிக்குறை. கதிரால் சிதைந்த மரபுப்பொருளை உடல் செப்பனிட இயலாமையே இதன் காரணம் என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இது வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகள் என உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. பத்து வயதுக் குழந்தையின் விழிமேல் சதை வளர்ந்தால் முகத்துப் புள்ளிகளையும் பார்க்க வேண்டும். உடன்பிறந்தோரையும் அழைத்துப் பார்க்க வேண்டும்.

நோய் உறுதியானபின் கத்தி மட்டுமே வழி என்ற நிலை மாறிவிட்டது. மைட்டோமைசின், 5-ஃபுளூரோயூராசில், இன்டர்ஃபெரான் ஆகிய மருந்துகளைச் சொட்டாக விட்டே பல கட்டிகளைக் கரைக்கின்றனர். இவற்றுள் 5-ஃபுளூரோயூராசில் மலிவானது. ஒரு வாரம் விட்டு மூன்று வாரம் ஓய்வு கொடுத்து, இவ்வாறு சில சுற்றுகள் தருவது வழக்கம். இங்குதான் ஓ.சி.டி. படம் மீண்டும் பயன்படுகிறது: கண்ணுக்குக் கட்டி மறைந்துவிட்டாலும் மேற்றோல் இன்னும் தடித்திருந்தால் மருந்தை நிறுத்தக்கூடாது.

செங்கல்பட்டில் ஐயம் எழுந்தால் அடுத்துச் செல்லவேண்டிய இடம் தொலைவில் இல்லை. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1978இல் மருத்துவர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் சென்னையிலேயே உள்ளன. இதற்குமுன் வேறிடத்தில் வெட்டியிருந்தால் அந்த அறுவைக் குறிப்பையும், திசு அறிக்கை இருந்தால் அதனையும், நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். அவற்றை வேறொரு நோய்க்குறியியலாளர் மீண்டும் பார்த்துச் சொல்ல முடியும். சிகிச்சை முடிந்தபின்னும் இப்புற்று ஆண்டுகள் கழித்தும் திரும்புவதுண்டு. ஆதலால் முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பிளவு விளக்கின் முன் அமர வேண்டியிருக்கும்.